அறுபத்து நான்காம் கல்லருகே ஒரு முதுகு

பனி விழத் தொடங்கியதும் எங்கள் மலைக்கு இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். ரோட்டைத் திறக்க வருகிறவர்கள் ஒரு வகை, ரோட்டைப் படம் பிடிக்க வருகிறவர்கள் இன்னொரு வகை. திறக்க வருகிறவர்களுக்கு எப்போதும் வண்டி போதாது. படம் பிடிக்க வருகிறவர்களுக்கு அந்தக் குறையே கிடையாது. கசபிளாங்காவிலிருந்தும் மராகேஷிலிருந்தும் உயரமான சக்கரம் வைத்த வண்டிகளில் ஏறி வந்து, கதவைத் திறந்து, ஒரு காலை மட்டும் கீழே வைத்துக்கொண்டு, "ஆஹா" என்பார்கள்.

எதற்கு அந்த ஆஹா என்று முன்பெல்லாம் திரும்பிப் பார்ப்பேன். ஓடாத பெட்ரோல் பம்ப், கூரை விழுந்த கொட்டகை, துரு ஏறி எழுத்து உதிர்ந்த ஊர்ப்பலகை. எங்கள் ஊரில் புதுக் கூரை போட்ட பள்ளிக்கூடம் இருக்கிறது, அதை ஒருவனும் எடுத்ததில்லை. என் வீட்டுச் சுவரோரம் இருந்த நீல பிளாஸ்டிக் வாளியைக் கொஞ்சம் நகர்த்த முடியுமா என்று ஒருவன் கேட்டான், சுவர் பழையதாகத் தெரிய வேண்டுமாம். இன்னொரு தடவை ஒரு பெண், ஆடுகளுக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போன என் மனைவி தூதாவைக் கை காட்டி நிறுத்தினாள். அந்தப் பக்கம் நடக்காதீர்கள், பனியில் காலடி விழுந்தால் படம் கெட்டுவிடும் என்றாள்.

தூதா வாளியை இறக்கவில்லை. "இத ஆடுங்ககிட்ட சொல்லும்மா. குடிக்கறதுக்குப் பறந்து வரட்டும்" என்று சொல்லிவிட்டு அந்தச் சுத்தமான பனியின் நடுவிலேயே நடந்து போனாள்.

இவர்களுக்கு நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். கேமராவைத் தூக்கினால் முதுகைத் திருப்பிக்கொள்வேன். என் தகப்பனார் பிரெஞ்சுக்காரன் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்தபோதும் அப்படித்தான் நின்றார். மூன்று நாள் காவலில் வைத்தார்கள், அப்போதும் அவர் முகத்தைத் திருப்பிக் காட்டவில்லை. எங்கள் குடும்பத்தின் முதுகு அப்படிப்பட்டது. எனக்கு எழுபத்திரண்டு வயது. இன்றைக்கும் கோல் ஊன்றாமல் நிற்கிறேன்.

இந்தக் குளிர்காலத்தில் பெரிய பனி விழுந்து ரோடு மூடிய மூன்றாம் நாள். ஆடுகளுக்குத் தீவனம் தீர்ந்துவிட்டது. தீவன லாரி கீழே சந்தை ஊரில் நின்றுகொண்டிருந்தது, பனி தள்ளும் வண்டி முன்னால் வந்தால்தான் அதுவும் வரும். முந்தின நாள் முழுவதும் கொட்டகைக் கூரையிலிருந்து பனியை வாரிப் போட்டேன். விடியும்போதே எழுந்து, பனி வண்டியின் சத்தம் கேட்கிறதா என்று ரோட்டுக்குப் போனேன். எங்கள் பாதை ரோட்டைத் தொடும் இடத்தில் அறுபத்து நான்காம் கிலோமீட்டர் கல் இருக்கிறது. அங்கே நின்றேன். கீழிருந்து பனி வண்டிக்குப் பதிலாக இவர்களுடைய வண்டி ஒன்று, சக்கரத்தில் சங்கிலி மாட்டிக்கொண்டு, வளைவு வரை ஏறி வந்து நின்றிருந்தது. கம்பளித் தொப்பிக்காரன் ஒருவனும் ஒரு பெண்ணும் இறங்கிக் கேமராவைத் தூக்கினார்கள். நான் முதுகைத் திருப்பினேன். அவர்கள் போகும் வரை அசையவில்லை. மத்தியானம் பனி வண்டி வந்தது, லாரி வந்தது, ஆடுகள் தின்றன. நான் அதை மறந்துவிட்டேன்.

இருபது நாள் கழித்துச் சந்தைக்குப் போனேன். ஸக்கூவின் தேநீர்க் கடையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. ஸக்கூ வாய் மூடி நின்று நான் பார்த்ததில்லை, அதனால் உடனே தெரிந்துவிட்டது.

"என்ன, எவன் செத்தான்?" என்றேன்.

"யாரும் சாகல ஸைத் அண்ணே. உக்காருங்க. புதினா போட்டு ஊத்தவா?"

"மொதல்ல விஷயத்த ஊத்து."

அவன் அடுப்புக்கு மேலே சுவரைக் காட்டினான். ஜன்னல் அளவுக்கு ஒரு படம் சட்டம் போட்டுத் தொங்கியது. கசபிளாங்காக்காரர்கள் ரோடு மூடிய மூன்றாம் நாள் அவன் கடையில் சூப் குடித்துவிட்டுப் போனவர்கள், படம் நன்றாக வந்ததென்று ஒன்றைப் பெரிதாகப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். நான் ஒரு பார்வைதான் பார்த்தேன். வெள்ளை, ஒரு கல், கம்பளிப் போர்வை போர்த்திய ஒரு பெண்ணின் முதுகு. படம் பார்ப்பது எனக்குப் பிடிக்காது, கண்ணைத் திருப்பிக்கொண்டேன்.

"முகந்தான் தெரியலயே" என்றேன்.

மூலையிலிருந்த ஒரு கிழட்டு ஆட்டு வியாபாரி சிரித்தான். "முகம் எதுக்கு ஸைத்? கோடு தெரியுதுல்ல."

எங்கள் பெண்கள் குளிருக்குப் போர்த்தும் போர்வையின் கோடுகள் குலத்துக்குக் குலம் வேறு. கறுப்பில் எத்தனை சிவப்பு, எத்தனை வெள்ளை என்று பார்த்தால் எந்தக் கூட்டத்துப் பெண் என்று அரை மைல் தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். அந்தக் கேமராக்காரர்கள் முகத்தை மறைத்துவிட்டோம், பண்போடு நடந்துகொண்டோம் என்று நினைத்திருப்பார்கள். எங்களுக்குக் கோடுதான் முகம். அதிலும் இந்தப் போர்வையின் வலது ஓரத்தில், அடுப்புக் கங்கு பட்டு எரிந்த இடத்தில், பழுப்பு ஆட்டுமயிரில் கையகலத்துக்கு ஒட்டுத் தைத்திருக்கும். அந்த ஒட்டைத் தைத்தது தூதா. அந்தப் போர்வை என் வீட்டு வாசல் கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குவது.

"தூதா அக்காவால இப்படி நிமிந்து நிக்க முடியுமா அண்ணே?" என்று ஸக்கூ மெதுவாகக் கேட்டான். தூதா முதுகு வளைந்து பதினைந்து வருடமாகிறது. என் வீட்டில் உயரமாக, நிமிர்ந்து நடக்கிற பெண் ஒருத்திதான். என் மருமகள் ஹத்தா. அவள் புருஷன், என் மகன் பஸ்ஸூ, ஸ்பெயினில் தக்காளிப் பந்தலில் வேலை செய்கிறான், ஊருக்கு வந்து இரண்டு வருடமாகிறது. புருஷன் ஊரில் இல்லாத பெண் விடியலில், மூடிய ரோட்டில், அந்நிய வண்டி நிற்கும் இடத்தில் தனியாக என்ன செய்தாள்? இதை யாரும் வாய் விட்டுக் கேட்கவில்லை.

"அன்னிக்கு நானே ரோட்டுல இருந்தேன். எந்தப் பொம்பளயும் வரல."

"நீங்க திரும்பிப் போன பிறகு வந்திருப்பா" என்றான் ஆட்டு வியாபாரி. "அதுக்குப் பேரு வேற வெச்சிருக்காங்களாம், போன்ல சுத்துது. காத்திருக்கும் பெண்."

நான் தேநீர் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

வீட்டுக்கு வந்து ஹத்தாவைக் கூப்பிட்டேன். அவள் பார்லி ரொட்டிக்கு மாவு பிசைந்த கையோடு வந்து நின்றாள்.

"பனி மூடின மூணாம் நாள் காலைல நீ ரோட்டுக்குப் போனியா?"

"இல்ல மாமா."

"படத்துல யாரு?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "நான் போகல மாமா" என்றாள். மாவுக் கையோடு அடுப்படிக்குத் திரும்பினாள். நம்பினேனா என்று கேட்டால், பாதி நம்பினேன். படத்தைப் பற்றிக் கேட்டதை அவள் தாண்டிப் போனது எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் பஸ்ஸூ போன் செய்தான். படம் ஸ்பெயின் வரை போயிருந்தது. பந்தலில் கூட வேலை செய்கிற எங்கள் ஊர்ப் பயல்கள் காட்டியிருக்கிறார்கள்.

"அவள அவ அப்பன் வீட்டுக்கு அனுப்பிடுங்க" என்றான். "இங்க நான் தல நிமிந்து வேலைக்குப் போக முடியல."

"தக்காளி பறிக்கறதுக்குக் குனியத்தானே வேணும்? நிமிராத" என்றேன். "இந்த வீட்டுலருந்து யாரு போகணும், யாரு இருக்கணும்னு சொல்ல நான் இருக்கேன். அடுத்த வெள்ளிக்கிழமை உறவுச் சத்தியம் வெக்கிறேன். அது வரைக்கும் வாய மூடு."

"சத்தியத்துக்கு அப்புறமும் ஊர் பேசினா, அவ போயிடணும்."

உறவுச் சத்தியம் எங்கள் பழைய வழக்கம். ஒரு வீட்டின் மேல் பழி விழுந்தால் வீட்டுத் தலைவன் தன் ரத்த உறவில் பத்து ஆண்களைத் திரட்டி, சீதி அம்ரான் என்ற மகானின் அடக்கத் தலத்தில் நிற்க வேண்டும். தலைவன் சத்தியம் செய்வான், பின்னால் பத்துப் பேரும் ஒவ்வொருவராக அதையே சொல்லுவார்கள். ஒருவன் நாக்குத் தடுமாறினாலும் சத்தியம் செல்லாது. நீதிமன்றம் வந்த பிறகு இதெல்லாம் குறைந்துவிட்டது. ஆனால் நீதிமன்றத்தில் யார் வேண்டுமானாலும் பொய் சொல்லலாம், சீதி அம்ரானிடம் சொன்னவன் குடும்பத்தோடு அழிவான் என்று இன்றும் எங்கள் ஆட்கள் நடுங்குகிறார்கள்.

பத்துப் பேரைத் திரட்டுவதற்குள் என் கால் தேய்ந்தது. சித்தப்பா பையன் ஹம்மூ ஆடு குட்டி போடும் நேரம் என்றான். இன்னொருவன் தொண்டை கட்டியிருக்கிறது என்று, தெளிவான குரலில் சொன்னான். சாதாரண நாளில் என் வீட்டு வெண்ணெயைக் கட்டை விரல் முழுவதும் எடுத்து நக்குகிற கூட்டம். கடைசியில் ஹம்மூதான் உள்ளதைச் சொன்னான்.

"அண்ணே, உங்களுக்காக எதுல வேணாலும் குதிப்பேன். ஆனா படத்தக் கண்ணால பார்த்துட்டேன். நம்ம போர்வை, நம்ம ஒட்டு. 'எங்க வீட்டுப் பொம்பள யாரும் ரோட்டுக்குப் போகல'ன்னு நான் எப்படிச் சொல்றது? எனக்கும் பிள்ளைங்க இருக்கு."

"நான் சொல்றேன்ல."

"நீங்க படத்தப் பார்த்தீங்களா?"

"குப்பையப் பார்த்துத்தான் குப்பைன்னு சொல்லணுமா?"

"ஒரு தடவ நல்லாப் பாருங்கண்ணே. பார்த்துட்டு வந்து சொல்லுங்க, போவோம்னு. வர்றேன்."

அதனால்தான் போனேன். வியாழக்கிழமை, சந்தை இல்லாத நாள். கடையில் ஸக்கூ மட்டும் இருந்தான்.

"அதக் கீழ எறக்கு" என்றேன்.

"ஒடச்சிடாதீங்கண்ணே."

"ஒடைக்கறதுக்குப் பெறுமதி இருக்கணும்."

அவன் ஸ்டூல் மேல் ஏறி இறக்கி, ஜன்னலோரம் சாய்த்து வைத்தான். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன். போர்வை என் வீட்டுடையதுதான், சந்தேகமே இல்லை. காற்றுக்காகத் தலை மேலும் இழுத்து மூடியிருந்தது. முதுகு நேராக இருந்தது. அந்த முதுகைப் பார்த்து எனக்கே ஒரு கணம் மரியாதை வந்தது. எல்லோரும் அந்த முதுகையே பார்த்திருக்கிறார்கள். அதற்குக் கீழே ஒருவனும் பார்க்கவில்லை. போர்வை முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது. அதற்குக் கீழே ரப்பர் பூட்ஸ். பனியில் ஆண் பெண் எல்லோரும் போடுகிற கறுப்பு பூட்ஸ்தான். ஆனால் இடது காலின் குதிகாலுக்கு மேலே சிவப்பாகச் சதுரமாக ஒரு ஒட்டு.

அந்த ஒட்டை நான்தான் போட்டேன், பழைய சைக்கிள் டியூபை வெட்டி. அந்த பூட்ஸ் அன்று காலை என் காலில் இருந்தது. இப்போதும் இருந்தது. நான் மெல்லக் காலை ஸ்டூலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"என்னண்ணே, தல சுத்துதா?"

"உன் கடைல புகை ஜாஸ்தி" என்றேன். "மாட்டு அத."

மலை ஏறும் வழியெல்லாம் நினைத்து நினைத்துப் பார்த்தேன். கூரைப் பனியை வாரிய நாளில் என் பர்னூஸ், ஆண்கள் குளிருக்குப் போடும் கம்பளி அங்கி, சொட்டச் சொட்ட நனைந்து போயிற்று. இருட்டுப் பிரியாத நேரம். வாசலில் கைக்குப் பட்டதை எடுத்துப் போர்த்திக்கொண்டு போயிருக்கிறேன். எதைப் போர்த்தினேன் என்று அன்றும் நினைக்கவில்லை, பிறகும் நினைக்கவில்லை. பிறகு அந்தத் தொப்பிக்காரனுக்கு முகத்தைத் தரமாட்டேன் என்று முதுகைத் திருப்பினேன். அவனுக்கு வேண்டியிருந்தது அந்த முதுகுதான். மூன்று நாள் காவலில் இருந்தும் என் தகப்பனார் கொடுக்காத படத்தை நான் ஒரு சொல் பேசாமல் ஓசியில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். பெயர் வேறு: காத்திருக்கும் பெண். பனி வண்டிக்குக் காத்திருந்தேன், மடையனே.

வீட்டில் தூதாவும் ஹத்தாவும் அடுப்படியில் இருந்தார்கள். நான் உட்காரவில்லை.

"பனி மூடின மூணாம் நாள் என் பர்னூஸ் எங்க இருந்துச்சு?"

தூதா டர்னிப் நறுக்கிக்கொண்டே சொன்னாள். "அடுப்புக்கு மேல கம்பில. சாயங்காலம் வரைக்கும் சொட்டிட்டு இருந்துச்சு."

"அப்ப நான் என்னத்தப் போத்திக்கிட்டுப் போனேன்?"

கத்தி நின்றது. தூதா என்னைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த வளைந்த முதுகு குலுங்கத் தொடங்கியது. ஐம்பது வருடத்தில் அவள் என் முன்னால் இப்படிச் சிரித்ததில்லை.

ஹத்தா சிரிக்கவில்லை.

"உனக்குத் தெரியும்" என்றேன் அவளிடம்.

"நீங்க திரும்பி வந்தப்ப கதவத் தொறந்தது நான்தான் மாமா. போர்வைய வாங்கி ஆணியில மாட்டினதும் நான்தான்."

"ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது?"

"உன் புருஷன்கிட்டயாவது?"

"உங்கப்பா பொம்பளப் போர்வ போத்திக்கிட்டு ரோட்டுல நின்னாருன்னு அவர்கிட்ட நான் சொல்லணுமா?" அவள் குரல் உயரவில்லை. "அவரு என்னைக் கேக்கவும் இல்ல. அனுப்பிடுங்கன்னுதான் சொன்னாரு. அது எனக்கும் கேட்டுச்சு."

நான் வெளியே போய் ஆட்டுக் கொட்டகையில் நின்றேன். ஆடுகள் என்னைப் பார்த்தன. நாளை சீதி அம்ரான் முன்னால், என் வீட்டுப் பெண் எவளும் ரோட்டுக்கு வரவில்லை என்று சத்தியம் செய்யலாம். அது உண்மை, ஒரு எழுத்துப் பிசகாது. பத்துப் பேரும் தைரியமாகச் சொல்லலாம், ஒரு ஆடு கூடச் சாகாது. பிறகு ஊர் என்ன சொல்லும்? சத்தியம் நின்றுவிட்டது, ஆனால் படம் சுவரில் இருக்கிறதே என்று சொல்லும். ஸைத் தன் கூட்டத்தைக் கட்டிக் காப்பாற்றிக்கொண்டான் என்று சொல்லும். எனக்கு அது பெருமைதான். ஹத்தா ஒரு மாதத்தில் மூட்டையோடு அவள் அப்பன் வீட்டுக்குக் கிளம்புவாள், அப்போதும் வாயைத் திறக்க மாட்டாள்.

இவ்வளவு நாளாக இந்த வீட்டு மானத்தை நான் காப்பதாக நினைத்துக்கொண்டு ஊர் ஊராய் அலைந்திருக்கிறேன். மாவு பிசைந்த கையோடு அவள்தான் அதைக் காத்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அடக்கத் தலத்து முற்றத்தில் ஊரே கூடிவிட்டது. பத்துப் பேரும் வந்திருந்தார்கள். தொண்டை கட்டியவனும் இருந்தான். ஸக்கூ சாட்சிக்காகப் படத்தையே கம்பளியில் சுற்றிக் கழுதை மேல் ஏற்றிக் கொண்டுவந்திருந்தான். அவன் இவ்வளவு அக்கறையோடு ஒரு வேலை செய்து நான் பார்த்ததில்லை.

நான் வந்தபோது எல்லோரும் என் தோளையே பார்த்தார்கள். என் தோளில் என் பர்னூஸ் இல்லை. கோடு போட்ட போர்வை இருந்தது.

ஹம்மூ ஓடி வந்தான். "அண்ணே, என்ன இது? உடம்பு சரியில்லையா? எடுத்துப் போட்டுட்டீங்க போல, மாத்தி…"

"மாத்தித்தான் போட்டேன், அன்னிக்கு. இன்னிக்குத் தெரிஞ்சே போட்டிருக்கேன். தள்ளு."

நான் முற்றத்தின் நடுவுக்குப் போனேன். போர்வையைத் தலை மேல் இழுத்து மூடினேன். எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்றேன், கல்லருகே நின்ற மாதிரி.

"ஸக்கூ, படத்தப் பிரி. பக்கத்துல புடி. மேல பார்க்காத. காலப் பாரு."

கம்பளி பிரிகிற சத்தம் கேட்டது. பிறகு ஆட்டு வியாபாரியின் குரல்: "செவப்பு ஒட்டு. யா அல்லா, செவப்பு ஒட்டு!"

நான் திரும்பாமலே சொன்னேன். "சீதி அம்ரான் மேல ஆணை. படத்துல இருக்கிறது ஸைத் உ-ஹஸ்ஸூ, நான்தான். என் வீட்டுப் பொம்பளைங்க யாரும் ரோட்டுக்கு வரல. என் மருமகளுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சும் என் பேரக் காப்பாத்த அவ பேரக் குடுத்தா. இனிமே அவளப் பத்தி வாய தொறக்கிறவன் முதல்ல என்னைப் பத்திப் பேசட்டும். பேசறதுக்கு இப்ப நிறைய இருக்கு."

அப்போது சிரிப்பு வந்தது. முதலில் யாரோ மூக்கால் சிரித்தார்கள், பிறகு முற்றமே சிரித்தது. அடக்கத் தலத்தைப் பார்த்துக்கொள்கிற கிழவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பத்து உறவுக்காரர்களும் ஒவ்வொருவராக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீரோடு, ஒரு சொல் தடுமாறாமல் என் பின்னால் சத்தியம் செய்தார்கள். என் தகப்பனாருக்கு மூன்று நாளோடு தண்டனை முடிந்தது. எனக்கு இது சாகும் வரை. இப்போதும் சந்தையில் நான் நுழைந்தால் யாராவது ஒருவன், "பொண்ணு வந்திருக்கு, எடம் விடு" என்று சொல்லாமல் இருப்பதில்லை. நான் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு தேநீர் கேட்கிறேன். சொல்லிவிட்டுப் போகட்டும். இவன்களுக்குக் குளிர்காலத்தில் வேறு என்ன வேலை?

அன்றே பஸ்ஸூ போன் செய்தான். மன்னிப்புக் கேட்க வேண்டும், போனை ஹத்தாவிடம் கொடுங்கள் என்றான்.

"கேக்கறியா?" என்று அவளிடம் கேட்டேன்.

"ரொட்டி அடுப்புல இருக்கு மாமா" என்றாள்.

"ரொட்டி அடுப்புல இருக்காம்" என்று அவனிடம் சொன்னேன். ஒன்பது நாள் ரொட்டி அடுப்பிலேயே இருந்தது. பத்தாம் நாள் அவள் போனை வாங்கி வெளியே போய், நெடுநேரம் பேசினாள், பெரும்பாலும் அவள்தான் பேசினாள். வசந்தத்தில் அவன் வருகிறான்.

பனி கரையுமுன் அந்தத் தொப்பிக்காரன் ஒரு தடவை வந்தான். நான் என் பர்னூஸோடு கல்லருகே லாரிக்காக நின்றிருந்தேன். இந்த முறை முகத்தைக் காட்டியே நின்றேன், எடுத்துக்கொள்ளட்டும் என்று. அவன் கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டபடி என்னைத் தாண்டி ரோட்டில் தேடினான். பிறகு, இங்கே ஒரு பெண் வந்து நிற்பாளே, அவள் எப்போது வருவாள் என்று அரைகுறை அரபியில் கேட்டான்.

"அவ இனிமே வரமாட்டா" என்றேன். அவன் முகம் விழுந்தது. என்னைப் படம் எடுக்காமலே வண்டியில் ஏறிப் போனான்.

வீட்டுக்கு வந்து பர்னூஸை மாட்டப் போனபோதுதான் பார்த்தேன். போர்வை உள்ளறை ஆணிக்குப் போயிருந்தது. கதவை ஒட்டிய ஆணி எனக்காகக் காலியாக இருந்தது. யார் மாற்றினார்கள் என்று நான் கேட்கவில்லை.